வெள்ளி அடைத்த பல்லும் பால்சுறாவும்

1

என் மகள் ஹசீனா வாய்விட்டுச் சிரித்தால் மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் பல்லைப் பார்க்கிறேன். கீழ் வரிசையில் இடப்பக்கம் ஒரு கடைவாய்ப் பல், வலப்பக்கம் ஒரு கடைவாய்ப் பல். இரண்டிலும் வெள்ளி அடைத்திருக்கிறது. அடைத்த புதிதில் பளபளவென்று இருந்தது. இப்போது பழைய எவர்சில்வர் கரண்டியின் நிறம்.

எங்கள் ஊர் பெரியபட்டினத்துப் பிள்ளைகள் இந்த வருஷம் ஆண்டு மலர் போடுகிறார்கள், வெளிநாட்டில் இருக்கிற பெண்களும் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். மலேசியாவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் ஈப்போவில் எனக்கு நன்றாகத் தெரிந்தது மூன்று இடம்தான். எங்கள் ரொட்டிக் கடை, மீன் சந்தை, அரசாங்கக் கிளினிக். ஊரைச் சுற்றிப் பார்த்து எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். என் மனசில் இந்த வருஷம் முழுக்க இருந்தது இந்த இரண்டு பல்தான். அதனால் அதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது பிள்ளை உண்டாகியிருந்தால் படித்துக் காட்டுங்கள்.

இங்கே பிள்ளை உண்டானால் பல் டாக்டரிடமும் அனுப்புவார்கள். ஹசீனாவுக்குத் தலைப்பிள்ளை, ஆறாம் மாதம். மருமகன் எண்ணெய்க் கப்பலில் வேலை, அதனால் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கிளினிக்குக்கு நான் கூடப் போனேன். அவளிடம் குடியுரிமைக்கான நீல அட்டை, இங்கேயே பிறந்தவள். என்னிடம் இன்னும் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியவர்களுக்கான சிவப்பு அட்டை. கவுண்டரில் அவள் மலாயில் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். என் மலாய் மீன் வாங்குகிற மலாய். இரண்டு வாக்கியம் தாண்டினால் அவர்களே பரிதாபப்பட்டுக் கையால் காட்டுவார்கள்.

பல் டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்லி எழுதிக்கொண்டார்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல லா. ரெண்டு அமால்கம் இருக்கு, நல்லாருக்குன்னு சொல்றாங்க."

"அப்படின்னா?"

"வெள்ளி அடைச்சிருக்கே, அது. வெள்ளி, தகரம், மெர்குரி எல்லாம் கலந்தது."

"மெர்குரியா?"

"தெர்மாமீட்டர்ல இருக்குமே ம்மா, அது. வாங்க, பசிக்குது."

அவள் போய்க்கொண்டே இருந்தாள். தெர்மாமீட்டர் உடைந்தால் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அது என் மகள் வாய்க்குள் பதினைந்து வருஷமாக இருக்கிறது. அந்த வாயால்தான் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் சாப்பிடுகிறாள்.

2

அந்த அடைப்பு எங்கே வைத்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ராமநாதபுரத்தில்.

வெளிநாட்டில் இருக்கிற நாம் எல்லோரும் செய்கிற காரியம்தான். பல்வலியை லீவு வரைக்கும் கிராம்பு வைத்துத் தள்ளிப்போட்டு, ஊருக்குப் போனதும் பார்ப்போம். ஹசீனாவுக்குப் பதினான்கு வயது. என் தம்பி கபீர் எங்களை பஸ்ஸில் ராமநாதபுரம் கூட்டிப் போனான். மாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி. வயதான டாக்டர். சின்னக் கலுவத்தில் எதையோ போட்டு அரைத்தார். பிறகு ஒரு துண்டுத் துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்தார். துணியிலிருந்து ஒரு சொட்டு தட்டில் விழுந்து உருண்டு ஓடியது. விரலால் தொடப் போன கபீரை டாக்டர் ஒரு பார்வை பார்த்தார்.

"மாப்ள, அது நகைக் கடைக்குப் போற வெள்ளி இல்ல," என்றார்.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஹசீனாவும் ஒரு பக்க வாயால் சிரித்தாள். சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கம் மெல்லக்கூடாது என்றார்கள். கபீர் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்து, "கரையவிட்டு முழுங்கு மருமவளே," என்றான். எனக்கு அந்த நாளை நினைத்தால் சந்தோஷமாக இருக்கும். இந்த வருஷம் நினைக்கும்போதெல்லாம் அந்தச் சொட்டு மட்டும் தனியாக உருண்டு வந்தது.

இந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு ஆடியோ. யார் பேசுவது என்று தெரியாது. வெள்ளி அடைத்த பல்லில் பாதி பாதரசம், மெல்லும்போதெல்லாம் ஆவி கிளம்பும், வெள்ளைக்கார நாடுகளில் தடை செய்துவிட்டார்கள், கர்ப்பிணிகள் உடனே எடுத்துவிட வேண்டும், இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று ஒரு கனத்த குரல். நான் பத்துப் பேருக்கு அனுப்பவில்லை. ஒரே ஆளுக்குப் பத்துத் தடவை போட்டுக் காட்டினேன்.

"ம்மா, யாரு இவரு? பேரு இருக்கா? ஊரு இருக்கா?" என்றாள் ஹசீனா.

"பேரு இல்லன்னா பொய்யாயிருமா?"

"உங்களுக்கு இல்லாத வியாதி எனக்கு இருக்குன்னு சொன்னா உடனே நம்புவீங்க."

என் வீட்டுக்காரர் மாவு பிசைந்துகொண்டே, "உங்கம்மா கவலப்படாத நாள் ஒண்ணு வந்துச்சுன்னா சொல்லு, காலண்டர்ல வட்டம் போட்டு வைப்போம்," என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். நான் அப்படிப்பட்டவள். கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்புகிறவள். ஆனால் கவலைப்படுகிறவள் சொல்கிறாள் என்பதற்காகவே ஒரு பயம் பொய்யாகிவிடுமா? ஹசீனா முறுக்கைக் கடித்தால் கையிலிருந்து வாங்கி வைத்தேன். சூடாக டீ குடித்தால், "ஆற வச்சுக் குடி, ஆவி கிளம்பும்," என்றேன். அவள் டீயை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

3

எதையாவது செய்யாமல் என்னால் இருக்க முடியாது. அதனால் அந்த மாதங்களில் அவளுக்குச் சமைத்துப் போட்டேன்.

நம் பக்கத்துக் கடற்கரையில் தெரியாதவர்கள் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால்சுறா. அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, நிறையப் பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டுப் புட்டாகச் செய்து கொடுப்போம். எங்கள் வீட்டில் ஏழாம் மாதம் நெருங்கும்போதே தொடங்கிவிடுவார்கள். தலைப்பிள்ளைக்குச் சுறா அனுப்புவது தாய்மாமன் உரிமை. பணக்கார மாமன் நகையும் போடுவான், ஏழை மாமன் நகை போடாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். சுறா வரவில்லை என்றால் கேட்பார்கள். எனக்கு ஹசீனா உண்டாகியிருந்தபோது என் மாமா கடலுக்குப் போய் அவர் கையால் பிடித்த சுறாவைத்தான் காயவைத்து இங்கே அனுப்பினார்.

கபீர் கரையில் மீனை ஏலம் எடுத்து மதுரைக்கு ஐஸ் பெட்டியில் ஏற்றுகிறவன். மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று கேட்ட அன்றைக்கே சின்னச் சுறாவாகப் பார்த்து ஒதுக்கி, உப்புப் போட்டுக் காயவைத்து, திருச்சி விமானத்தில் வருகிற ஆள் கையில் கொடுத்தனுப்பிவிட்டான். மூன்று சுற்றுப் பிளாஸ்டிக்கையும் மீறி வாசம் வந்தது. ஏர்போர்ட்டில் என்ன பாடுபட்டாரோ, கொண்டு வந்தவர் எங்கள் கடையில் டீகூடக் குடிக்காமல் போனார்.

அதை ஊறவைத்து, உப்பு எடுத்து, புட்டு செய்து கொடுத்தேன். தீர்ந்துபோகும்போது இங்கே சந்தையில் பெரிய சுறாவைத் துண்டு போட்டு விற்பார்கள், அதை வாங்கினேன். ஹசீனாவுக்கு ரத்தம் குறைவு என்று சொன்னதால் இடையில் சூரை மீன் குழம்பு. அவளுக்குச் சுறாப் புட்டு பிடித்திருந்தது. தமிழ்ச் சோற்றில் அவள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அது ஒன்றுதான். மற்ற நேரம் எல்லாம் மிளகாய்ச் சம்பலும் நாசி கோரெங் என்கிற வறுத்த சோறும்தான். "ம்மா, இன்னும் கொஞ்சம்," என்று தட்டை நீட்டும்போது, பல்லில் இருக்கிற விஷத்தை இந்தச் சாப்பாடு கொஞ்சமாவது எடுத்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன். அவள் மென்று முடிக்கிறவரை தாடையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

4

ஏழாம் மாதம் பிறந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. தனியார் பல் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கினேன். வெள்ளியை எடுத்துவிட்டு வெள்ளை அடைப்பு வைக்கச் சொல்லி. ஹசீனா வரமாட்டேன் என்றாள். நான் சோறு இறங்காமல் இருந்ததைப் பார்த்துவிட்டு அவளே கார்ச் சாவியை எடுத்தாள்.

"நீங்க நிம்மதியாத் தூங்கணும்னா நான் பல்லக் குடையணும். சரி வாங்க," என்றாள்.

டாக்டர் இளவயதுச் சீனர். நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, முகமூடியை மாட்டினார். உதவிக்கு நின்ற பெண் அந்தக் குடைகிற மிஷினை எடுத்து ஒரு தரம் சுற்றவிட்டுப் பார்த்தாள். அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. நான் துஆ ஓத ஆரம்பித்தேன்.

டாக்டர் அப்போதுதான் மேலே போட்டிருந்த துணிக்குக் கீழே வயிற்றைப் பார்த்தார். மிஷினை நிறுத்தச் சொன்னார். எத்தனை மாதம் என்று கேட்டார். ஹசீனா சொன்னதும் நாற்காலியை நிமிர்த்திவிட்டார்.

அவர் பேசப் பேச ஹசீனா எனக்குத் தமிழில் சொன்னாள். அடைத்த பாதரசம் மற்ற உலோகத்தோடு சேர்ந்து இறுகிவிட்டது. மெல்லும்போது துளி ஆவி வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குடைந்து எடுக்கும்போதுதான் நிறைய வரும். அந்த ஆவியை மூச்சில் இழுக்கப்போவது இவளும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும். புதிதாகக் கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் இதை வைக்கமாட்டோம், பல நாடுகளில் விட்டும்விட்டார்கள். அதற்காக நன்றாக இருக்கிற பழைய அடைப்பைத் தோண்டமாட்டோம். விரிசல் இல்லை, ஓரம் பெயரவில்லை. இப்போது தொடவே கூடாது.

"இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு பல்லாவது எடுக்கச் சொல்லு," என்றேன்.

ஹசீனா அதை அவருக்குச் சொல்லவில்லை. "ம்மா, இப்ப அவர் எடுத்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் வயிற்றைக் கவனிக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு வீட்டுக்கு வரும்வரை என்னை விடவில்லை. பயந்து ஓடி வந்து நானே பிள்ளையைப் புகைக்குள் தள்ளப் பார்த்தேன்.

புறப்படும்போது அந்த டாக்டர், உன் அம்மாவுக்கு அவ்வளவு பயம் என்றால் ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்க்கலாம், பிரசவ டாக்டரிடம் கேளுங்கள் என்றார். ஹசீனா அதை எனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பாள். ஆனால் மலாயில் 'டாரா' என்றால் ரத்தம் என்று எனக்குத் தெரியும், நான் விடவில்லை.

5

அரசாங்கக் கிளினிக்கில் இதற்குச் சோதனை கிடையாது என்றார்கள். ஒரு சீட்டு வாங்கி, தனியார் லேபில் கொடுத்தோம். அவர்கள் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். வர நாளாகும் என்றார்கள். அந்த நாட்களில் நான் ஹசீனாவின் கையைப் பார்த்தேன், நடுங்குகிறதா என்று. ஈறைப் பார்த்தேன். பிள்ளை துடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"துடிக்குது, துடிக்குது. உங்களப் பாத்தா அதுக்கும் படபடப்பு வருது," என்றாள்.

கடைக்கு வருகிற ஆட்களிடம் என் வீட்டுக்காரர், "அவகிட்ட ரொட்டி கேக்காதீங்க, பல்லப் பத்திச் சொல்லுவா," என்று கேலி செய்தார். ஆனால் மதியம் லுஹர் தொழுகை முடிந்து அவர் எழுந்திருக்க நேரமானதை நான் கவனித்தேன்.

முடிவு வந்த அன்று பிரசவ டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். மலாய்க்காரப் பெண், என் வயது இருக்கும். தாளைப் பார்த்தார். ஹசீனாவிடம் ஏதோ சொன்னார். ஹசீனாவின் முகம் மாறியது.

"என்ன?"

"சிறுநீர்ல சரியா இருக்கு. பல்லுல இருந்து வர்றது அதுலதான் தெரியுமாம். அது கொஞ்சம்தான், பயப்பட ஒண்ணும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்."

"ரத்தத்துல கூட இருக்கு ம்மா."

டாக்டர் மறுபடி ஏதோ கேட்டார். இந்தத் தடவை ஹசீனா எனக்குச் சொல்லவில்லை. என்னையே பார்த்தாள். சொல்லத் தேவையும் இல்லை. கேள்வியில் 'ஈக்கான்' என்ற சொல் இருந்தது. மீன். இந்த நாட்டில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல். என்ன மீன் சாப்பிடுகிறாய் என்று கேட்டிருக்கிறார்.

ஹசீனா வாய் திறப்பதற்குள் நானே என் மீன் வாங்குகிற மலாயில் சொன்னேன். ஈக்கான் யூ. சுறா. அடிக்கடி. என் கையால் செய்தது, பாலுக்கு நல்லது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். திட்டவில்லை. மெதுவாக, எனக்குப் புரியட்டும் என்று சின்னச் சின்னச் சொல்லாகச் சொன்னார், மிச்சத்தை ஹசீனா சொன்னாள். கடலிலும் பாதரசம் இருக்கிறது, அது வேறு உருவில். சின்ன மீனில் துளி. சின்ன மீனைத் தின்கிற மீனில் கூடுதல். எல்லாவற்றையும் தின்று வருஷக்கணக்கில் வாழ்கிற சுறாவில் எல்லாம் சேர்ந்துவிடும். பெரிய சூரையும் அப்படித்தான். உப்புப் போட்டாலும் காயவைத்தாலும் அவித்தாலும் போகாது. தாயின் ரத்தம் வழியாகப் பிள்ளைக்குப் போகும்.

"பிள்ளைக்கு?" என்றேன். அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை.

அலறி ஓடுகிற அளவு இல்லை என்றார். இன்றோடு நிறுத்தினால் ரத்தத்தில் குறைந்துகொண்டே வரும். பிரசவத்துக்கு முன்னால் மறுபடி பார்ப்போம். மீனையே விட வேண்டாம், பிள்ளை மூளைக்கு மீன் நல்லது. சின்ன மீனாகச் சாப்பிடட்டும்.

திரும்பும் வழியில் கார் சிக்னலில் நிற்கும்போது ஹசீனா என் கையை எடுத்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பிடிச்சுதான் சாப்பிட்டேன் ம்மா," என்றாள்.

இத்தனை நாள் அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்க்கவில்லை.

6

வீட்டில் கபீர் அனுப்பிய இரண்டாவது கட்டு பிரிஜ்ஜில் இருந்தது. மூன்றாவதைக் காயப் போட்டிருக்கிறேன் என்று போன வாரம்தான் படம் அனுப்பியிருந்தான். ஓலைப்பாயில் வரிசையாகச் சுறா, பக்கத்தில் அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு.

அவனுக்குப் போன் போடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பல் டாக்டரிடம் போக இருந்த துணிச்சல் இதற்கு இல்லை.

"என்ன லாத்தா, மருமவ நல்லாருக்காளா? நீங்க நல்லாருக்கியளா?" என்றான். அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"ஏலே கபீரு, சுறா அனுப்பாத."

"ஏன், அங்கன பிடிக்கிறானா ஏர்போர்ட்ல?"

சொன்னேன். ரத்தம், சிறுநீர், டாக்டர், எல்லாம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கபீர் பேசாமல் இருந்தால் பயமாக இருக்கும்.

"இங்கன எத்தன பிள்ளைக இதத் தின்னு பிறந்திருக்கு. நீங்க பிறக்கலையா, நான் பிறக்கலையா?"

"பிறந்தோம்டா. நமக்கு யாரு ரத்தத்தப் பாத்தா?"

"அப்ப பல்லுல இருக்குறது விஷம் இல்ல, நான் அனுப்புனதுதான் விஷமா?"

"அப்படிச் சொல்லலடா."

"வேற எப்படிச் சொல்றிய? ஊர்ல கேட்டா நான் என்னன்னு சொல்ல? மருமவளுக்குச் சுறா அனுப்ப வக்கில்லாத மாமன்னு பேசுவாங்க."

"காரல் அனுப்பு," என்றேன்.

காரல் என்றால் விரல் நீளத்துக்கு, காசு மாதிரித் தட்டையாக, வெள்ளையாக இருக்கிற பொடி மீன். அதற்கும் பால் ஊறும் என்று நம் பக்கத்தில் சொதி வைத்துக் கொடுப்பார்கள், சுறா வாங்க முடியாத வீட்டில். வலையில் மிஞ்சினால் கருவாட்டுத் தூளாக்கிக் கோழித் தீவனத்துக்குப் போடுவார்கள்.

"கோழிக்குப் போடுறத என் மருமவளுக்கு அனுப்பச் சொல்றியளா?"

"ஆமா."

"நல்லாருக்கு லாத்தா," என்று வைத்துவிட்டான்.

பிறகு பல நாள் அவனிடமிருந்து சத்தமே இல்லை. நான் வாட்ஸப்பில் செய்தி அனுப்பினால் பார்த்ததற்கு நீலக் குறி மட்டும் விழும். பல்லுக்காகப் பயந்த பயம் போய், மூன்றாவது கட்டுச் சுறாவைக் கோபத்தில் அனுப்பிவிடுவானோ என்று பயம். அனுப்பிவிட்டால் திருப்பி அனுப்புவதா, குப்பையில் போடுவதா? இரண்டுமே என் கையால் ஆகாது.

7

ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் திருச்சியிலிருந்து வந்த ஒருவர் பெட்டியைக் கடையில் இறக்கிவிட்டுப் போனார். கபீர் கையெழுத்தில் என் வீட்டுக்காரர் பெயர். நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தது. ஹசீனா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நாள்தான் இரண்டாவது ரத்தச் சோதனை முடிவு வந்திருந்தது. குறைந்திருந்தது. முழுவதும் போகவில்லை, குறைந்திருந்தது.

கத்தியால் கயிற்றை அறுத்தேன். மேலே காரல். தலை கிள்ளி, குடல் எடுத்து, மண் இல்லாமல் கழுவி, ஒவ்வொன்றாகப் பரத்திக் காயவைத்தது. கோழித் தீவனத்துக்கு யாரும் தலை கிள்ள மாட்டார்கள். அவ்வளவு பொடி மீனுக்கு உட்கார்ந்து தலை கிள்ளுவது என்றால் இரண்டு பேருக்கு ஒரு நாள் போய்விடும்.

ஆனாலும் என் கை நிற்கவில்லை. காரலுக்குக் கீழே விட்டுத் துழாவினேன். கபீரை எனக்குத் தெரியும். மேலே காரலைப் போட்டு, அடியில் ஒரு சுறாவை வைத்து, மாமன் கடமையை முடித்துவிட்டேன் என்று சொல்லக்கூடியவன். முழங்கை வரை போயிற்று. பெட்டியின் அட்டை தட்டுப்பட்டது. சுறா இல்லை.

"என்ன தேடுறீங்க?" என்றாள் ஹசீனா.

"ஒண்ணும் இல்ல."

அவனுக்குப் போன் போட்டேன். எடுத்தான்.

"வந்துச்சா?"

"வந்துச்சுடா. யாரு தலையெல்லாம் கிள்ளுனது?"

"என் வீட்டுக்காரி, உங்க மச்சிதான். நானும் கொஞ்சம். கையெல்லாம் முள்ளு." பிறகு, "யாராச்சும் கேட்டா சுறா வந்துச்சுன்னு சொல்லுங்க லாத்தா," என்றான்.

அன்றைக்கே சொதி வைத்தேன். தேங்காய்ப் பால், பூண்டு, பச்சைமிளகாய். ஹசீனா தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். ஒரு காரலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ம்மா, இதுல ஒண்ணும் இல்லையே?"

இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவள் நான்தான். அவளும் அவளைப் பெற்ற அத்தாவும் சிரிக்கிறவர்கள். இப்போது அவள் என்னையே பார்த்தாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பார்வை. எனக்குத் தெரிந்தது டாக்டர் சொன்னது மட்டும்தான். சின்ன மீனில் துளி. துளியும் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பல்லிலும் துளி, மீனிலும் துளி, மூச்சிலும் என்னென்ன துளியோ.

காரலில் முள் அதிகம். நான் தட்டை என் பக்கம் இழுத்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, ஒரு வாய் நானே முதலில் சாப்பிட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா, நல்லாருக்கு. வாயத் தொற," என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். கீழ் வரிசையில் இரண்டு பக்கமும் அந்த வெள்ளி இருந்தது. நான் சோற்றை ஊட்டினேன்.